புது வண்டி வேண்டாம், கண்ணு!

எங்கள் ஊர் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் போன ஊர். என் கணவர் 22 வருடம் சொந்த லாரி ஓட்டியவர். 2019ல் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட, வண்டியை விற்றுத்தான் வைத்தியம் பார்த்தோம். பேச்சு திரும்பி வந்தும், யாரோடும் பேச மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக் கொண்டிருப்பார்.

பிளஸ் 2 முடித்த என் மகள், அந்த லாரியை மாடலாகச் செய்யப் போவதாக சன்போர்டு அட்டையை வெட்ட ஆரம்பித்தாள். 'பொம்பளைப் புள்ளைக்கு லாரி பொம்மை எதுக்குடி?' என்று நானே திட்டினேன். அவள் காதில் வாங்கவில்லை. நிஜ வண்டியில் 2 அடி என்றால், மாடலில் 1 அங்குலம். பழைய போட்டோக்களைப் பார்த்து அளவு போட்டு, கேபின், பாடி, மட்கார்டு எல்லாம் ஒட்டி, பெயின்ட் அடித்து, மூன்றே மாதத்தில் பளபளவென்று அப்பா முன் வைத்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தவர், 'இது ஷோரூம் வண்டி. என் வண்டி இல்ல கண்ணு' என்றார்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் மறுநாளே, 'உங்க வண்டி எப்படி இருந்துச்சு, சொல்லுங்கப்பா' என்று பக்கத்தில் உட்கார்ந்து விட்டாள்.

கேபின் மேல் துரு நிறம் அடித்துக் காயவிட்டு, லேசாக ஈரப்படுத்தி உப்பைத் தூவினாள். அதன் மேல் மறுபடி ஸ்ப்ரே பெயின்ட். காய்ந்ததும் பிரஷ்ஷால் உப்பை உதிர்த்தால், பெயின்ட் உரிந்து துரு தெரிகிற மாதிரியே இருந்தது! சலித்த செம்மண்ணில் ஃபெவிகால் தண்ணீர் கலந்து சேறு. சைலன்சர் பக்கம் கரித்தூள்.

'எல்லா இடத்துலயும் பூசாத சாமி. தண்ணி தேங்குற இடத்துலதான் துரு வரும். ஏறுற படியில கால் பட்டுப் பட்டு பெயின்ட்டே இருக்காது. டேங்க் மூடிக்குக் கீழ டீசல் கறை வழியணும்' என்று அவர் சொல்லச் சொல்ல, நான் அடுப்படியிலிருந்து கேட்டுக் கொண்டே இருந்தேன். அவர் இவ்வளவு பேசி எத்தனை வருஷமாச்சு!

கடைசியில், 'இடது பம்பர் நசுங்கி இருக்கணும்' என்றார். லோடு ஏற்றும் இடத்தில் வேறு வண்டி இடித்ததாக என்னிடம் சொன்ன நசுங்கல் அது. 'இல்ல கண்ணு... தொப்பூர் இறக்கத்துல ஒரு நிமிஷம் கண் அசந்துட்டேன். தடுப்புச் சுவர்ல உரசி நின்னுச்சு. அம்மா பயப்படுவாளேன்னு சொல்லல.'

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அது தீபாவளி சமயம். 'விடியறதுக்குள்ள வந்துடணும்' என்று போனுக்கு மேல் போன் போட்டு விரட்டியது நான்தான்!

இப்போது அந்த அழுக்கு லாரி எங்கள் டிவி மேஜையில் நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கறைக்கும் ஒரு கதை சொல்கிறார், என் கணவர்.

என் தம்பியும் லாரி டிரைவர்தான். அவன் போன் செய்தால், 'எப்ப வருவே?' என்று நான் கேட்பதில்லை. 'தூக்கம் வந்தா வண்டிய ஓரங்கட்டித் தூங்கிட்டு, மெதுவா வாப்பா' என்றுதான் சொல்கிறேன். டிரைவர்களை வழியனுப்பும் சகோதரிகளே, நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, நாமக்கல்.