பந்திங் வட்டாரத்துச் சீழ்க்கைச் சிறகி: இனங்காணலும் வாழிடமும்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், பந்திங் நகரிலிருந்து ஒலாக் லெம்பிட் வழியாக டிங்கில் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் செம்பனைத் தோட்டங்களும், அவற்றினிடையே நீர் தேங்கிய பள்ளங்களும் கோரை மண்டிய குட்டைகளும் காணப்படுகின்றன. கதிரவன் மறைந்து ஒளி மங்கும் வேளையில் இக்குட்டைகளுக்கு மேலே பத்து, இருபது பறவைகள் தாழப் பறந்து செல்வதைக் காணலாம். பறக்கும்போதே அவை இரண்டு அசைகள் கொண்ட மெல்லிய சீழ்க்கையொலி எழுப்பும். பகலெல்லாம் கோரைக்குள் மறைந்திருந்து, இரை தேடப் புறப்படும் சீழ்க்கைச் சிறகிகள் அவை.

நம் தோட்டப்புறத் தமிழில் இப்பறவை பெரும்பாலும் ‘காட்டு வாத்து’ என்ற பொதுச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. நீரில் மிதப்பன, நீர் ஓரத்தில் நடப்பன ஆகிய பலவும் இச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலைப் படித்துப் பழந்தமிழர் கண்ட பறவைகளை வேறுபடுத்தி அறியும் மாணவர்கூட, தம் வீட்டுக்குப் பின்புறமுள்ள குட்டையில் வாழும் பறவையின் பெயரை அறியாதிருத்தல் வியப்புக்குரியது. இது சொல்வளம் பற்றிய குறை மட்டுமன்று. எல்லாம் காட்டு வாத்து என்றால், அவற்றுள் ஓரினம் அற்றுப்போனாலும் குட்டையில் காட்டு வாத்து இருந்துகொண்டேதான் இருக்கும். இப்பறவையை இனங்காணும் முறையையும், அதன் வாழ்வுக்குப் பந்திங் வட்டாரம் எதைத் தருகிறது, எதைத் தர மறுக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயரும் இனமும்

தமிழ்நாட்டில் இது சீழ்க்கைச் சிறகி எனப்படும். சிரவி என எழுதுவாரும் உளர். ‘சிறகி’ என்பது சிறகு என்னும் சொல்லடியாகப் பிறந்ததாகத் தோன்றுகிறது. ஆயினும் வலசை வரும் வேறு சில சிறு வாத்துகளையும் அச்சொல் குறிக்கும். நீலச்சிறகி அவற்றுள் ஒன்று. எனவே ‘சீழ்க்கை’ என்னும் அடைமொழி இங்கு இன்றியமையாதது. நம் நாட்டுப் பேச்சில் சீழ்க்கையை ‘விசில்’ என்றே சொல்கிறோம் என்பதால் இப்பெயர் முதலில் அயன்மையாகத் தோன்றக்கூடும். மலாய் மொழியில் இதற்கு ‘பெலிபிஸ்’ என்று பெயர். இலங்கைத் தமிழர் வாத்தினத்தைத் ‘தாரா’ எனப் பொதுவாக வழங்குவர்.

தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்னும் மருத்துவர் ஜாவாத் தீவில் கிடைத்த பறவையைக் கொண்டு 1821இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். இன்று அது ‘டெண்ட்ரோசிக்னா ஜாவானிகா’ என வழங்குகிறது. முதற்சொல்லின் பொருள் ‘மர அன்னம்’ என்பதாகும். வாத்தைப் போல் தோன்றினும் இது மெய்யான வாத்துகளினின்று மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த ஒரு கிளையைச் சேர்ந்தது. அன்னத்தையும் பெருந்தாராவையும் போலவே இதிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறவேறுபாடு இல்லை. இணை பிரியாது நெடுநாள் வாழ்தலும், குஞ்சுகளை இருபாலும் சேர்ந்து பேணுதலும் அவ்வுறவை நினைவூட்டும் பண்புகளாகும். உலகில் சீழ்க்கைச் சிறகிகள் எட்டு வகை உள்ளன. மலேசியத் தீபகற்பத்திற்கு இயல்பாக உரியது இந்த ஒன்றே.

இதே இனம்தான் வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் வாழ்கிறது. கொல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக்காட்சிச்சாலை ஏரியிலும், ஹவுராவின் சாந்திராகாச்சி ஏரியிலும் குளிர்காலத்தில் பெருங்கூட்டமாகக் கூடுவதும் இதுவே. நம் முன்னோர் விட்டு வந்த ஏரிக்கரையிலும், அவர்கள் வந்து சேர்ந்த தோட்டத்துக் குட்டையிலும் இருந்தது ஒரே பறவை. பெயர் மட்டும் கப்பலேறவில்லை போலும்.

இனங்காணும் வழி

நிறத்தைக் கொண்டு இதனை அடையாளம் காண முயல்வோர் ஏமாறுவர்; ஏனெனில் இதனைக் காணும் வேளை பெரும்பாலும் அந்தியாகவோ விடியலாகவோ இருக்கும். முதலில் நோக்கவேண்டியது உருவ அமைப்பு. ஏறத்தாழ 38 முதல் 42 செண்டிமீட்டர் நீளம். வீட்டு வாத்தைவிடத் தெளிவாகச் சிறியது. கழுத்தும் கால்களும் உடலளவுக்கு மிஞ்சி நீண்டவை. தரையில் நிற்கும்போது வாத்தைப்போல் கிடைமட்டமாக நில்லாது நிமிர்ந்து நிற்கும். பறக்கும்போது தலையும் கழுத்தும் உடல்மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து தொங்க, கால்கள் வாலுக்கு அப்பால் நீண்டு தெரியும். இதனால் பறவை கூனியது போன்ற தோற்றம் பெறுகிறது. சிறகுகள் அகன்று நுனி மழுங்கியவை. சிறகடிப்பும் மற்ற வாத்துகளைப்போல் விரைவானதன்று. வானில் நிழலுருவாக மட்டும் தெரியும்போதும் இவ்வடையாளங்கள் போதுமானவை.

ஒளி நன்கு இருப்பின் நிறத்தையும் நோக்கலாம். உடல் செம்பழுப்பு, உச்சந்தலை கரும்பழுப்பு, அலகும் கால்களும் கருஞ்சாம்பல், கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம். முதுகின் இறகுகளுக்கு வெளிர்நிற விளிம்பு உண்டு. மடக்கிய சிறகில் பல வாத்துகளுக்குரிய பளபளக்கும் நிறத்திட்டு இதற்கு இல்லை. சிறகை விரிக்கையில் முன்பகுதி செம்பழுப்பாகவும் பின்பகுதி கருமையாகவும் தோன்றும்.

வாலின் மேற்புறத்து இறகுகளின் நிறம் தனித்து நோக்கத்தக்கது. நம் இனத்தில் அது செம்பழுப்பு. இந்தியாவில் காணப்படும் பெரிய சீழ்க்கைச் சிறகியில் அவ்விடம் வெண்மஞ்சள் பிறைபோல் விளங்கும். அது 45 முதல் 53 செண்டிமீட்டர் வரை வளர்வது. இந்திய நூல்களில் அவ்விரண்டையும் பிரித்தறிய இக்குறியே முதலாவதாகச் சொல்லப்படும். பந்திங்கில் இக்குழப்பத்திற்கு இடமில்லை. சபா மாநிலத்திற்குச் செல்வோர் மட்டும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அங்கு வாழும் மற்றொரு வகைக்கு விலாப்புறத்தில் வெளிர்நிற இறகுகள் தூக்கி நிற்கும்.

நம் குட்டைகளில் உண்மையில் குழப்பம் தருவன வேறு பறவைகள். தாழைக்கோழிக்கு நெற்றியில் சிவப்புக் கேடயம் உண்டு. நீலத் தாழைக்கோழி நீலமும் ஊதாவுமாகப் பெரிதாய்த் தெரியும். முக்குளிப்பான் கைப்பிடி அளவே உள்ளது. அஞ்சினால் நீரில் மூழ்கிவிடும். குள்ளத்தாரா சிறகியினும் சிறியது, வெண்மை மிக்கது. அதன் அறிவியற்பெயரில் ‘கோரமண்டல்’ என்னும் சொல் உள்ளது. சோழமண்டலக் கரையின் பெயர் சிதைந்து வந்த வடிவம் அது. சோழமண்டலத்தின் பெயரைத் தாங்கிய பறவையொன்றும் இத்தீபகற்பத்து நீர்நிலைகளில் வாழ்கிறது என்பதைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

கண்ணைவிடக் காதே இங்குச் சிறந்த துணை. மூச்சு இழைவது போன்ற இரண்டு அசைகள். பறக்கும்போது இடையறாது ஒலிக்கும். மங்கிய வெளிச்சத்தில் சிதறிப் பறக்கும் கூட்டம் ஒன்றையொன்று தவறவிடாதிருக்க இவ்வொலி உதவுகிறது எனக் கருதலாம். சிறகின் வெளிப்புற முதலிறகின் உள்விளிம்பில் ஒரு வெட்டு காணப்படுவதும் குறிப்பிடத்தக்கது.

நூற்றுணை வேண்டுவோர்க்கு, நம் நாட்டுப் பறவையியலர் ஆலன் ஜெயராஜசிங்கம், ஓவியர் ஆலன் பியர்சனுடன் இணைந்து 1999இல் வெளியிட்ட ஆங்கிலக் களக்கையேடு மிகப் பயன்படும். அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வெளிவந்தது. தமிழ்ப்பெயர்களுக்குக் க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ நூலை நாடலாம்.

நீர்நிலை உண்டு, மரம்?

சீழ்க்கைச் சிறகி நன்னீர்ப் பறவை. ஆழம் குறைந்த நீர், அதில் மண்டிய கோரை, தாமரை, நீர்ப்பூண்டு ஆகியவை உள்ள இடத்தையே அது நாடும். நீர்த்தாவரங்களின் தளிரும் விதையும் அதன் முதன்மை உணவு. நத்தை, சிறுமீன், தவளை ஆகியவற்றையும் உண்ணும். நெல்வயல்களில் சிதறிய மணிகளை இரவில் பொறுக்கும். நீரில் மூழ்கி இரை தேடவும் வல்லது. பகலில் கரையோரத்திலோ, நீரில் நிற்கும் பட்ட மரக்கிளைகளிலோ கூட்டமாக ஓய்ந்திருக்கும். அச்சுறுத்தினால் கூட்டம் முழுவதும் எழும்பி, சீழ்க்கையடித்து வட்டமிட்டுப் பெரும்பாலும் அதே இடத்திற்கே திரும்பும். வேட்டைக்காரர்க்கு இப்பழக்கம் எளிதாகப் போயிற்று.

இவ்வகை நீர்நிலைகள் பந்திங் வட்டாரத்தில் உருவான கதை விந்தையானது. லங்காட் ஆற்றின் தாழ்நிலமும், அதனையொட்டிய கரிமண் சதுப்புக் காடும் இதன் பழைய இயற்கை அமைப்பு. இலையும் தழையும் முழுமையாக மட்காமல் நீரில் அமிழ்ந்து நூற்றாண்டுக்கணக்கில் படிந்து உருவான மண் அது. பிற்காலத்தில் டிங்கில் பகுதியில் ஈயம் தோண்டப்பட்டது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் ஈயத்தொழில் நலிந்தது. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்தது. அவ்வாறு எஞ்சிய ஈயக்குட்டைகளைச் சீரமைத்து உருவாக்கப்பட்டதே டிங்கிலின் பாயா இண்டா ஈரநிலப் பூங்கா. வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான் இதனை நிர்வகித்து வருகிறது. சீழ்க்கைச் சிறகியை எளிதில் காணத்தக்க இடம் இதுவாகும். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட நீர்யானைகளைப் பார்க்க அங்குச் செல்லும் குடும்பத்தினர் பலர், தம் தலைக்கு மேலே சீழ்க்கையடித்துச் செல்லும் உள்ளூர்ப் பறவையை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

ஆக, இரை தேடும் நீருக்கு இங்குக் குறைவில்லை. மனிதன் தோண்டிக் கைவிட்ட பள்ளமே பறவைக்கு ஏரியாயிற்று. ஆனால் ‘மர அன்னம்’ என்னும் பெயர் காரணமின்றி வந்ததன்று. இப்பறவை விரும்பிக் கூடு அமைப்பது மரப்பொந்தில். அல்லது கொக்கு, காகம் ஆகியவை கைவிட்ட பழங்கூட்டில். 7 முதல் 12 வெண்ணிற முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, 22 முதல் 24 நாட்களில் குஞ்சுகள் பொரிக்கும். பொந்திலிருந்து அவை தாமே கீழே குதித்துப் பெற்றோருடன் நீரை அடைகின்றன. எனவே நீர்நிலைக்கு அருகில் பொந்து விழுந்த முதுமரங்கள் நிற்றல் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படுகிறது. முதுமையடைந்து பொந்து விழும் காலம் அதற்கு வாய்ப்பதில்லை. குட்டை ஓரத்துப் பட்ட மரங்களோ அழகைக் கெடுப்பன, ஆபத்தானவை என முதலில் அகற்றப்படுகின்றன. மரம் கிடைக்காதபோது சிறகி கோரைக்குள் தரையிலேயே கூடமைக்கும். தரைக்கூட்டின் முட்டைகளை உடும்பும் காகமும் எளிதில் கவரும். வீட்டுக் காகம் இவ்வட்டாரத்திற்கு உரிய பறவையன்று. காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிக்கவென்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போயிற்று, காகம் தங்கிற்று.

1927இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 957 ஹெக்டேர் பரப்புள்ள கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தைப் பற்றியும் இங்குக் கூறுதல் தகும். இதன் பெரும்பகுதியைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கி மேம்பாட்டுக்கு வழங்கும் திட்டம் 2020இல் வெளியானபோது, அங்கு வாழும் தெமுவான் பழங்குடியினரும் இயற்கை ஆர்வலரும் கடுமையாக எதிர்த்தனர். எனினும் பாதிக்கு மேற்பட்ட பரப்பு நீக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, மாநில அரசு 2021 செப்டம்பரில் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. சீழ்க்கைச் சிறகி அடர்காட்டுப் பறவையன்று. ஆதலால் அவ்விவாதத்தில் அதன் பெயர் முன்னிற்க வாய்ப்பில்லை. ஆயினும் கரிமண் காடு மழைநீரைப் பஞ்சுபோல் ஈர்த்து வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடும் இயல்பினது. அதை வடித்துவிட்டால் சுற்றுப்புற ஈரநிலத்தின் நீர்மட்டம் தாழும். காய்ந்த கரிமண் எளிதில் தீப்பற்றும். காட்டின் விளிம்பில் நிற்கும் முதுமரமும், அதற்கு அப்பால் உள்ள ஆழமற்ற நீரும் சேர்ந்தே இப்பறவையின் வீடு என்பதை மறத்தலாகாது.

உலக அளவில் இவ்வினம் அழிவின் விளிம்பில் இல்லை. கவலைக்கிடமற்றது என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதனாலேயே ஒரு வட்டாரத்தில் அது குறைவதைக் கவனிப்பார் அருகிவிடுகின்றனர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடைபெற்று வருகிறது. நம் நாட்டில், 1940இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகம் அதில் பங்காற்றுகிறது. தன்னார்வலர்களை நம்பியே நடக்கும் இப்பணியில், தோட்டத்துக் குட்டைகளை அன்றாடம் கடந்து செல்லும் நம்மவர் கண்ணும் காதும் பெரிதும் பயன்படும்.

பந்திங்கில் வாழும் ஆசிரியரோ மாணவரோ இதனைத் தொடங்க விரும்பின், ஒரே குட்டையைத் தேர்ந்து, ஒரே கரையில் நின்று, கதிரவன் மறைவதற்கு அரைமணி முன்பிருந்து இருள் சூழும்வரை காத்திருத்தல் வேண்டும். நாள், நேரம், எழும்பிய பறவைகளின் எண்ணிக்கை, பறந்து சென்ற திசை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதலாம். எண்ணிக்கை தெளிவாகத் தெரியாதபோது சீழ்க்கை கேட்டது என்று மட்டும் எழுதினால் போதும். அத்துடன், குட்டையைச் சுற்றிப் பொந்துள்ள மரங்கள் எத்தனை நிற்கின்றன என்பதையும் எண்ணி எழுதுதல் வேண்டும். அடுத்த ஆண்டு அவ்வெண்ணிக்கையையே முதலில் ஒப்பிட்டுப் பார்க்க நேரும்.