நாலு கால் பாக்ஸர்

பாக்ஸர் என்றதும் குத்துச்சண்டை வீரர்தானே ஞாபகத்துக்கு வருவார்? நான் எழுதப் போவது பாக்ஸர் நாயைப் பற்றி.

பிறந்த கதை:
இதன் சொந்த நாடு ஜெர்மனி. அங்கே காட்டுப்பன்றி, கரடி வேட்டைக்கு 'புல்லன்பைசர்' என்ற நாயை வைத்திருந்தார்கள். வேட்டைக்காரர் வரும்வரை மிருகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதையும் இங்கிலாந்து புல்டாக்கையும் சேர்த்து உருவாக்கியதுதான் பாக்ஸர். 1895-இல் மியூனிக் நகரக் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். உலகப் போர்களில் செய்தி கொண்டு போகவும் காவலுக்கும் பயன்பட்டது.

அடையாளங்கள்:
* எடை சுமார் 25 முதல் 32 கிலோ.
* சப்பை மூக்கு, முன்னால் நீண்ட கீழ்த்தாடை.
* பழுப்பு நிறம், அல்லது புலி மாதிரி வரி.
* குழந்தைகளோடு நல்லா விளையாடும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு சப்பையாக இருப்பதால் பாக்ஸருக்கு இது கஷ்டம். வெயிலில் கட்டிப்போட்டால் உயிருக்கே ஆபத்து!

வெள்ளைக் குட்டிகள்:
பாக்ஸருக்கு உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை இருக்கக்கூடாது என்று கண்காட்சி விதி இருக்கிறது. ஆனால் தாய், தகப்பன் இரண்டுக்கும் நெஞ்சிலும் காலிலும் வெள்ளை இருந்தால், நாலில் ஒரு குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கலாம். அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்த குட்டிகளை வளர்ப்பவர்களே கொன்றுவிடுவார்களாம். படித்ததும் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு.

வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது. ஏன் தெரியுமா? நிறம் தருகிற செல்கள் உள்காதுக்கும் வேணும். அவை அங்கே இல்லாவிட்டால் காது கேட்காமல் போய்விடும். ஆனாலும் கை சைகை காட்டிப் பழக்கினால் அந்த நாயும் எல்லாம் கற்றுக்கொள்ளும். அதைக் கொல்ல என்ன அவசியம்?

டாஷாவின் புகழ்:
2005-இல் முதன்முதலாக ஒரு நாயின் முழு மரபணு வரிசையையும் விஞ்ஞானிகள் விரிவாகப் படித்து வெளியிட்டார்கள். அது டாஷா என்ற பெண் பாக்ஸர்! நாய்க்கு வரும் பல நோய்கள் மனுஷங்களுக்கும் வருவதால், இந்த ஆராய்ச்சி நமக்கும் உதவுகிறது.

எந்த நிறத்தில் பிறக்கணும்னு எந்தக் குட்டியும் கேட்டுப் பிறப்பதில்லை. அழகு பார்த்து வாங்குவது பெரிசில்லை. கடைசிவரை வைத்துக் காப்பாற்றணும். அதற்கு முடியும் என்றால் மட்டும் நாய் வளர்ப்போம். நிறம் பார்த்து எந்த உயிரையும் ஒதுக்க வேண்டாம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி