துறைமுகமும் ஊரும் – 9: பட்டத்துக்கு விலை சீருடையா?

திருகோணமலை டொக்யார்டுக்குள் 1967 முதல் கடற்படையின் பயிற்சிக் கல்விக்கழகம் இயங்கி வருகிறது. இரத்மலானையிலுள்ள கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் கடற்படைப் பயிலிளவல்களும் பயிற்சிக்கு இங்கே வருகிறார்கள். அவர்களுக்குப் படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் அரசின் செலவு; படிக்கும்போதே சம்பளமும் உண்டு. பட்டம் பெற்றபின் படையில் சேவை செய்து அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். இது இவ்வளவு பெரிய வாய்ப்பாகத் தெரிவதற்குக் காரணம் வெளியே உள்ள நெருக்கடிதான். உயர்தரத்தில் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவோர் சுமார் 40,000 பேர். பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஐந்து வீத ஒதுக்கீட்டில் திருகோணமலையும் இருக்கிறது என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் இடம் கிடைத்த பிள்ளைக்கும் இலவசக் கல்வி முழுக்க இலவசமில்லை. மகாபொல உதவித்தொகை நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயாகவே நின்றது. 2022இல் விலைவாசி தலைக்கு மேல் போன பிறகும், 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ஆனது.

படையில் சேர யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, சேவைக்குப் படிப்பு தருவதை அமெரிக்காவும் செய்கிறதே என்று கேட்பார்கள். 1944இல் அங்கே வந்த சட்டத்தின் கீழ் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரர்கள் கல்லூரிக்குப் போனது உண்மை. ஆனால் அவர்கள் முதலில் சேவை செய்தார்கள். பிறகு, இடம் தந்த எந்தக் கல்லூரியிலும் விரும்பியதைப் படித்தார்கள். இங்கே உயர்தரம் முடித்த வயதிலேயே வரப்போகும் ஆண்டுகளை எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள ஒரே நிறுவனத்துக்கு. அந்த அமெரிக்கச் சட்டமும் எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதப்பட்டது. ஆனால் தென் மாநிலங்களின் கறுப்பின வீரர்களில் பெரும்பாலோருக்கு அதன் பயன் போய்ச் சேரவில்லை. கதவில் பூட்டு இல்லை என்பதாலேயே எல்லாரும் உள்ளே போய்விட முடியாது.

திருகோணமலையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தமிழ் பேசுவோர். முப்படைகளிலோ மிகப் பெரும்பாலானோர் சிங்களவர். தமிழ்ப் பிள்ளை விண்ணப்பிக்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த நகரின் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 விசேட அதிரடிப் படையினரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அவர்கள் கடற்படையினர் அல்லர்தான். பிள்ளையைப் பெற்றவர்கள் சீருடைகளை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால்தானே படை எல்லாருக்கும் உரியதாகும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அதற்கான வழி, கொலைகளுக்கு நீதியும் தமிழில் நிர்வாகமும்தான். கல்லூரிச் செலவுக்கு வழியில்லாத பிள்ளையின் வறுமையை அதற்கான வழியாக்குவதை ஏற்க முடியாது. கடலை நேசித்துக் கடற்படையில் சேர்பவர் சேரட்டும். பட்டத்துக்காக மட்டும் ஒருவரும் அங்கே போகவேண்டிய நிலை இருக்கக்கூடாது.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே இடங்களையும் விடுதி அறைகளையும் கூட்டுங்கள். மகாபொலவை விலைவாசியோடு சேர்த்து உயர்த்துங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் இந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இவற்றைக் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்கவைக்க வேண்டியவர்கள் நாம்.