பாத நாற்றமும் பாலாடைக்கட்டி மணமும்: ஒரே பாக்டீரியா பேரினத்தின் வேலை

நாள் முழுவதும் காலணிக்குள் அடைபட்டிருந்த பாதத்தின் நாற்றமும், ஐரோப்பியர் விரும்பி உண்ணும் லிம்பர்கர் பாலாடைக்கட்டியின் மணமும் ஏறத்தாழ ஒன்றே என்பது வெறும் கேலிப் பேச்சு அல்ல. இரண்டிலும் பிரெவிபாக்டீரியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் உள்ளன.

வியர்வைக்குத் தன்னளவில் மணம் இல்லை என்றே கூறலாம். வியர்வையிலும் உதிரும் தோல் செல்களிலும் உள்ள பொருள்களைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன; காலுறையும் காலணியும் அந்த ஈரத்தை வெளியேற விடுவதில்லை. அங்கு ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, லியூசின் என்ற அமினோ அமிலத்தை ஐசோவலேரிக் அமிலமாக மாற்றுகிறது. பிரெவிபாக்டீரியமோ மெத்தியோனினிலிருந்து மெத்தேன்தயோல் என்ற கந்தக வாயுவை உண்டாக்குகிறது. இந்த வாயு மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மூக்கு உணர்ந்துவிடும்.

லிம்பர்கர் தோன்றிய லிம்பர்க் பகுதி இன்று பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் பிரிந்து கிடக்கிறது. இந்தப் பாலாடைக்கட்டியின் மேற்பரப்பை உப்புநீரால் அடிக்கடி துடைப்பார்கள். முதலில் ஈஸ்ட்டுகள் லாக்டிக் அமிலத்தை உண்டு புளிப்பைக் குறைக்கின்றன. அதன்பின், உப்பைத் தாங்கவல்ல பிரெவிபாக்டீரியம் லினன்ஸ் ஆரஞ்சு நிறத்தில் படர்ந்து, புரதத்தைச் சிதைத்துக் கட்டியை மென்மையாக்குகிறது. அப்போது வெளிப்படுவதும் அதே மெத்தேன்தயோல்தான். நம் பனீர் இவ்வாறு முதிர வைக்கப்படுவதில்லை. அதனால் அதற்கு இந்த மணமும் இல்லை.

இந்த ஒற்றுமை மருத்துவ ஆய்விலும் பயன்பட்டது. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் காம்பியே கொசு, அமர்ந்திருக்கும் மனிதரின் பாதத்தையும் கணுக்காலையுமே பெரும்பாலும் கடிப்பதை டச்சு ஆய்வாளர் பார்ட் நோல்ஸும் அவரது குழுவினரும் கண்டனர். பாக்டீரியாவைக் கொல்லும் சோப்பால் பாதங்களைக் கழுவியதும் அந்த நாட்டம் மறைந்தது. லிம்பர்கரின் மணமும் இக்கொசுவை ஈர்ப்பதாக 1996-இல் வெளியிட்ட ஆய்வுக்கு, 2006-இல் 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

சிந்தனை அதோடு நிற்கவில்லை. மனித மணத்தைப் போன்ற வேதிக் கலவையை இட்டு, சூரிய மின்சாரத்தில் இயங்கும் கொசுப்பொறிகள் கென்யாவின் ருசிங்கா தீவில் வீடுதோறும் அமைக்கப்பட்டன. பொறிகள் வைக்கப்பட்ட பகுதிகளில் மலேரியா பாதிப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்ததென 2016-இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன.

இந்தியாவில் மலேரியாவை முதன்மையாகப் பரப்புபவை வேறு இனங்கள்: கிராமங்களில் அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸ், நகரங்களில் அனாஃபிலஸ் ஸ்டெஃபன்சி. எல்லாக் கொசுவும் பாதத்தையே தேடுவதில்லை என்பதால், ஆப்பிரிக்கக் கலவையை அப்படியே இங்கு பயன்படுத்திவிட முடியாது.