வகுப்பறையில் முதலில் கண்மூட வேண்டியவர் யார்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உமிழ்நீரை ஆய்வாளர்கள் சேகரித்தார்கள். அவர்கள் தேடியது கார்டிசால். மன அழுத்தம் ஏறும்போது அட்ரினல் சுரப்பி கூடுதலாகச் சுரக்கும் ஹார்மோன் இது. அந்தக் குழந்தைகளின் ஆசிரியர்களிடம், வேலையில் எந்த அளவுக்குச் சோர்ந்து போயிருக்கிறார்கள் என்று தனியாகக் கேட்டறிந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, ஓய்ந்துபோன ஆசிரியர்களின் வகுப்புகளில் பிள்ளைகளின் காலை நேரக் கார்டிசாலும் அதிகமாக இருந்தது.

ஈவா ஓபர்லே, கிம்பர்லி ஷோனர்ட்-ரைகல் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆசிரியரின் அழுத்தம் பிள்ளைகளுக்குத் தொற்றியதா, அடங்காத வகுப்பு ஆசிரியரை ஓய வைத்ததா என்று இதை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் பின்னிக் கிடக்கின்றன என்பது மட்டும் உறுதி.

மாணவர்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி கொடுக்கலாமா என்று பேசும்போதெல்லாம் நினைவில் வைக்க வேண்டிய ஆய்வு இது. பௌத்தத் தியான மரபில் வேர்கொண்ட இந்தப் பயிற்சியை, 1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஒரு வகுப்பாக வடிவமைத்தார். தீராத வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கியது அது. செய்முறை எளிது. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். மனம் எங்காவது ஓடும். ஓடியதை உணர்ந்து, தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்ப மூச்சுக்கே வர வேண்டும். மெதுவாக மூச்சு விடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பும் சற்றுத் தணிகிறது.

இதைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தால் என்ன? பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் அதிகமான மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லெம் கைகென் தலைமையிலான குழு நடத்திய இந்த ஆய்வின் பெயர் மிரியட். மாணவர்கள் 11 முதல் 14 வயதுக்குள் இருந்தவர்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் பத்துப் பாடங்கள் கொண்ட மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி நடந்தது. மற்றவற்றில் வழக்கமான வகுப்புகளே தொடர்ந்தன. 2022-இல் முடிவு வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மாணவர்களின் மனநலத்தில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. மனநலச் சிக்கல் வரும் அபாயம் ஏற்கெனவே உள்ள சிறுவர்களுக்கு இந்தப் பாடம் பொருந்தாமல் போகலாம் என்றும் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

ஏமாற்றம்தான். ஆனால் அதே ஆய்வில், பாடம் நடத்துவதற்காகத் தாங்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பக்கம் வேறு கதை சொன்னது. பயிற்சி முடிந்த கையோடு அவர்களுடைய சோர்வு குறைந்திருந்தது. பள்ளியின் சூழலும் மேம்பட்டிருந்தது.

நியூயார்க் நகரத்தில் கிடைத்த முடிவும் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே 36 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 224 ஆசிரியர்களிடம் ‘கேர்’ என்ற பயிற்சித் திட்டத்தை பட்ரீசியா ஜென்னிங்ஸ் குழுவினர் சோதித்தார்கள். மாணவன் ஒருவன் மேசையைத் தட்டி வகுப்பைக் கலைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரின் தாடை இறுகுகிறது, குரல் உயரத் தயாராகிறது. அதைத் தன் உடம்பிலேயே கண்டுகொண்டு, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசுவது. இப்படிப்பட்ட திறன்களை வளர்ப்பதே அந்தப் பயிற்சி. 2017-இல் வெளிவந்த முடிவுகளின்படி, ஆசிரியர்களின் மனத்துன்பமும் நேரம் துரத்துகிறதே என்ற பதற்றமும் குறைந்தன. வகுப்பில் உட்கார்ந்து பார்த்து மதிப்பிட்டவர்களும், மாணவர்களிடம் ஆசிரியர்கள் காட்டிய பரிவில் முன்னேற்றத்தைப் பதிவு செய்தார்கள். ஆசிரியர் தனக்காகச் செய்த பயிற்சி பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்தது என்பதே இதில் பெரிய செய்தி.

இந்தியாவிலும் முயற்சி நடந்திருக்கிறது. தலாய் லாமா முன்னிலையில் 2018 ஜூலையில் டெல்லி அரசு தன் பள்ளிகளில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ தொடங்கியது. நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை இதற்கெனப் பாடவேளை ஒதுக்கப்பட்டது; தேர்வு வைக்கப்படவில்லை. வகுப்பின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் பிள்ளைகள் கண்மூடி மூச்சையும் சுற்றுப்புறச் சத்தங்களையும் கவனித்தார்கள்.

மற்ற மாநிலங்களும் இந்த வழியில் போவதாக இருந்தால், மாணவர்களுக்கான கால அட்டவணையைப் போடும் முன் ஆசிரியர்களுக்கான நேரத்தை ஒதுக்க வேண்டும். அதுவும் சனிக்கிழமை கூடுதல் சுமையாக அல்லாமல், பணி நேரத்துக்குள்ளேயே. ஒருமுறை முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து முடித்துவிடவும் கூடாது: மிரியட் ஆய்வில் ஆசிரியர்களிடம் தெரிந்த பலன் ஓராண்டில் பெருமளவு தேய்ந்துவிட்டது.