தும்புத்தூள்: குப்பைமேட்டிலிருந்து கப்பலுக்கு

தென்னையில் வீணாவது எதுவுமில்லை என எம்மவர் பெருமையுடன் சொல்வதுண்டு. ஆயினும் அப்பெருமைக்குப் புறம்பாக ஒரு பொருள் நெடுங்காலம் கிடந்தது. பொச்சுமட்டையிலிருந்து தும்பைப் பிரித்தபின் உதிரும் பழுப்புநிறத் தூளே அது. தும்புத்தூள் என்றும் தும்புச்சோறு என்றும் அதனை அழைப்பர். மட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இத்தூளேயாகும். தும்பு கயிறாகவும் தும்புத்தடியாகவும் விலைபோக, தூளோ குருநாகல், புத்தளம் மாவட்டங்களின் தும்பாலைகளுக்குப் பின்னால் மலையாய்க் குவிந்தது.

இன்று அத்தூள் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகின்றது. அவுஸ்திரேலியக் கடைகளில் நாம் வாங்கும் கட்டியின் உறையில் பெரும்பாலும் இலங்கையின் பெயரையோ இந்தியாவின் பெயரையோ காணலாம்.

இம்மாற்றத்திற்குக் காரணம் யாது? மேலைநாட்டார் நாற்று வளர்ப்பதற்குப் பீற் எனும் சதுப்புநில மண்ணையே நம்பியிருந்தனர். அம்மண் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பே வளர்வது. அதனை அகழும்போது அதிற் சேர்ந்துள்ள காபன் காற்றிற் கலக்கின்றது. மாற்றுத் தேடியோருக்குத் தும்புத்தூள் கிடைத்தது. தன் எடையைப் போல் எட்டு மடங்கு நீரை அது தாங்கும். வேருக்குக் காற்றும் விடும். இலிக்னின் மிகுந்திருப்பதால் விரைவில் உக்காது.

கழுவுவதே கைத்திறன்

ஆனால், குவியலிலிருந்து அள்ளிய தூள் அப்படியே ஏற்றுமதிக்கு உதவாது. கரையோர ஊர்களில் எமது பெண்கள் மட்டைகளைக் கடல்நீரேரியில் ஊறவிட்டு, தட்டி, கயிறு திரித்தமையை மூத்தோர் அறிவர். அவ்வாறு ஊறிய மட்டையின் தூளில் உப்பு மிகும். நன்னீரில் ஊறிய தூளிலும் சோடியமும் பொற்றாசியமும் இயல்பாகவே உண்டு. ஆகவே தூளைச் சலித்து, நன்னீராற் பலமுறை கழுவுவர். உயர்தரத் தூளைக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவிடுவர். கல்சியம் உட்புக, உப்புக்கள் வெளியேறும். பின்னர் உலர்த்தி, 5 கிலோ கட்டிகளாக அழுத்துவர். நீரில் ஊறினால் அத்தகைய கட்டியொன்று 60 லீற்றருக்கும் மேலாக விரியும். மண்ணோ களைவிதையோ கலந்திருந்தால் அவுஸ்திரேலியத் தாவரத் தடுப்புக்காப்பு விதிகள் அதனை அனுமதியா. கழிவுக்கு விலை கிடைப்பது இந்த உழைப்பினாலேயே.

எமது வீடுகளில்

வில்லாவுட் போன்ற மேற்குச் சிட்னிப் பகுதிகளின் களிமண் இறுகியது. வாடகை வீட்டிலிருப்போர் நிலத்தைக் கொத்தவும் தயங்குவர். பூச்சாடியில் நட்டால், வீடு மாறும்போது கறிவேப்பிலையும் கூடவே வரும். கட்டியை வாளியில் ஊறவிட்டு, முதலில் வடியும் பழுப்பு நீரை அகற்றுங்கள். தும்புத்தூளில் பயிருக்கான உணவு மிகக் குறைவு. எனவே சம அளவு கூட்டெரு கலந்து கத்தரி, மிளகாய், வெண்டி நடலாம். கூட்டெருப் பையைத் திறக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணிக. அதில் நுரையீரலைத் தாக்கும் கிருமி இருக்கக்கூடும்.

வடக்கின் வாய்ப்பு

இத்தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. தூளைக் கழுவிய நீரில் தனின் முதலிய பொருட்கள் கலந்திருக்கும். அது மண்ணில் இறங்கினால் கிணறு கெடும். பொள்ளாச்சிப் பகுதியில் இத்தகைய முறைப்பாடுகள் எழுந்தன. 2021 இல் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை மாசற்றது எனக் கொள்ளும் வெள்ளை வகையிலிருந்து செம்மஞ்சள் வகைக்கு மாற்றியது.

பளையிலும் முகமாலையிலும் போரினால் தலையிழந்து நின்ற தென்னைகளை நாம் மறக்கவில்லை. 2025 செப்டெம்பர் 2 ஆம் நாள், உலகத் தென்னை தினத்தன்று, வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் புதுக்குடியிருப்பில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. இன்று நடும் கன்றுகள் காய்க்கும்போது மட்டையும் பெருகும். அது லொறியேறித் தெற்கே போனால் எமக்கு எஞ்சுவது காயின் விலை மட்டுமே. அங்கேயே பதப்படுத்தினால் போரில் துணையிழந்த பெண்களுக்கும் நிலையான கூலி கிடைக்கும். ஆனால் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளையே குடிநீருக்கு நம்பியிருக்கும் யாழ்ப்பாணம், பொள்ளாச்சியின் பாடத்தைப் புறக்கணித்தல் தகாது.

ஊரில் தொழில் தொடங்கப் பணம் அனுப்ப எண்ணும் உறவுகள் மூன்று வினாக்களை முதலிற் கேட்கட்டும்: கழுவ நீர் எங்கிருந்து வரும்? கழுவிய நீர் எங்கே போகும்? உழைக்கும் பெண்ணுக்கு நாட்கூலி எவ்வளவு? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே பணம் போகட்டும்.