மான்செஸ்டர் மாநாடும் அனைத்து ஆப்பிரிக்கச் சிந்தனையின் திருப்பமும்

அனைத்து ஆப்பிரிக்கச் சிந்தனையை அமைப்பாக்கியவர்கள் பெரும்பாலும் அடிமை வணிகத்தால் சிதறடிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களே. 1900இல் இலண்டன் மாநாட்டைக் கூட்டிய ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் டிரினிடாட்டைச் சேர்ந்தவர். 1919இல் டு பாய்ஸ் பாரிசில் கூட்டிய மாநாடு உடனடி விடுதலையைக் கேட்கவில்லை. ஆட்சியில் படிப்படியான பங்கேற்பையே வேண்டியது. இதனைக் கோழைமை எனல் பொருந்தாது. பேராளராக வர விழைந்தோர் பலருக்கு அமெரிக்க அரசு கடவுச்சீட்டையே மறுத்திருந்தது.

1945 அக்டோபரில், மான்செஸ்டரில் கூடிய ஐந்தாம் மாநாட்டில் இக்குரல் மாறியது. ஜார்ஜ் பேட்மோரும் குவாமே நிக்ருமாவும் ஒருங்கிணைத்த அவ்வவையில் ஆப்பிரிக்கத் தொழிற்சங்கத்தினரும் மாணவரும் முன்னின்றனர். விடுதலை வெளிப்படையாகக் கோரப்பட்டது; மேலைநாடுகள் வன்முறையாலேயே ஆள முனைந்தால், இறுதி வழியாக ஆப்பிரிக்கரும் அதனை நாட நேரிடலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. அங்குச் சிறப்பிடம் பெற்ற டு பாய்சுக்கு அப்போது வயது 77. 1957இல் நிக்ருமாவின் கானா விடுதலை பெற்றபோது, விழாவிற்குச் செல்ல அவருக்கும் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது.